மீனுக்குச் சொன்னது

மீன்கள் சாகவும் இல்லை, மயங்கவும் இல்லை. கண்ணாடித் தொட்டிக்குள் சும்மா இருந்தன. சென்னியப்பன் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து இன்னொரு தரம் பார்த்தார். கட்டைவிரல் நீளங்கூட இல்லை. அரிசி மீன் என்று காலேஜ் ஆய்வுக்கூடத்துப் பெண் சொல்லியிருந்தாள், ஜப்பான்காரன் நெல்வயலில் கிடக்கிற சாதியாம். உடம்பு எண்ணெய்க் காகிதம் மாதிரி, உள்ளே முள் தெரிகிறது, கண் மட்டும் உடம்புக்கு மீறிப் பெரிசு. இதற்குள் வேறொரு உயிரின் துண்டு ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார்களாம். எந்த இடத்தில் செருகியிருப்பார்கள்? வயிற்றிலா, வாலிலா? தையல் போட்ட தடம் எங்கேயும் இல்லை. "முட்டையா இருக்கையிலயே வெச்சிருவோம் ஐயா. அப்புறம் அது ஒடம்பு பூரா இருக்கும். அது போடுற குஞ்சுக்கும் போகும்" என்று அவள் சொன்னபோது சரி சரி என்று தலையாட்டிவிட்டார். இப்போது யோசித்தால் ஒன்றும் சரியாக இல்லை. தனக்குள் இன்னொன்று இருக்கிறது என்பது மீனுக்குத் தெரியுமா? தெரிந்தால் இப்படிச் சும்மா இருக்குமா? ஒரு மீன் கண்ணாடியண்டை வந்து அவர் மூக்குக்கு நேராக நின்றது. வாயைத் திறந்தது, மூடியது. சாட்சிக் கூண்டில் ஏறியவன் சத்தியம் பண்ணுவதற்கு முன்னால் இப்படித்தான் வாயைத் திறந்து மூடுவான். அவர் நிமிர்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தார். அந்தக் கோடியில் அவன் உட்கார்ந்திருந்தான். நடுவில் இரண்டு ஆள் உட்காரலாம், யாரும் உட்கார மாட்டார்கள்.

அவன் என்றால் பங்காளி. சென்னியப்பனின் அப்பனும் அவனுடைய அப்பனும் அண்ணன் தம்பிகள். தோட்டம் பிரித்தபோது மண்ணை வெட்டிப் பிரித்தார்கள், கிணற்றை வெட்ட முடியாது என்பதால் நாளாகப் பிரித்தார்கள். ஒரு நாள் இவர் முறை, மறுநாள் அவன் முறை. இவர் முறையில் கிணற்றில் கிடக்கிற தண்ணீர் இவருடையது, விடிந்தால் அதே தண்ணீர் அவனுடையது. இதில் என்ன இருக்கிறது, எல்லாக் கிணறும் இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் இந்தக் காலேஜ் பெண் தண்ணீர் எடுக்க ஊருக்கு வந்தபோது அது அவளுக்குப் புரியவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு நேராகக் கிணற்றடிக்குப் போனாள். சென்னியப்பன் மறித்தார். "கண்ணு, இன்னைக்கு அந்தாள் மொறை. இதை எடுத்துட்டுப் போயி என்ற தண்ணின்னு எழுதீராத. நாளைக்கு என் மொறை, அப்ப வந்து எடு." அவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, ஜெபா என்று பெயர், கேனைக் கீழே வைத்தாள். "ஐயா, ஒரே கெணறுதானே?" அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இவரைப் பார்க்காமல், தென்னை மரத்தைப் பார்த்துச் சொன்னான்: "ஆமாங்கம்மிணி, தனித்தனியாவே எடுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது பாருங்க." அவள் மறுநாளும் வந்தாள். அதனால்தான் இங்கே மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் சென்னியப்பன் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. ஒன்றில் அவன் பெயர். மூன்றாவதில் நல்ல தண்ணி என்று மட்டும். மூன்றாவது தொட்டிக்கு ஆள் கிடையாது, பங்காளி கிடையாது, அதில் மீன்கள் எவனுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லாமல் நீந்திக்கொண்டிருந்தன. கொடுத்து வைத்தவை. சென்னியப்பன் தன் தொட்டியையும் அவன் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். தன் தொட்டித் தண்ணீர் ஒரு சுற்று தெளிச்சலாக இருக்கிற மாதிரிதான் தோன்றியது. ஜன்னல் வெளிச்சம் அந்தப் பக்கம் விழுவதாலும் இருக்கலாம்.

உள்ளறையில் ஜெபா தட்டுகளை வைத்துக்கொண்டு புள்ளிகளை எண்ணுகிறாள். கடைசித் தடவை சரிபார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று போனாள். மீனுக்குள் இருக்கிற அந்தத் துண்டை வெளியே எடுத்து ஏதோ கிருமிக்குள் விட்டுத் தட்டில் வளர்ப்பார்களாம். தண்ணீரில் இருந்த விஷம் அந்தத் துண்டின் எழுத்தைக் கெடுத்திருந்தால் அந்த இடம் நீலப் புள்ளியாக நிற்கும், கெடுக்காவிட்டால் நிறமில்லாமல் கிடக்கும். நீலம் என்றதும் அவருக்கு வாய்க்கால் ஞாபகம் வந்தது. அவன் தன் பங்கு நிலத்தைச் சாயப்பட்டறைக்கு வாடகைக்கு விட்டான் இல்லையா, அப்போது பட்டறைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டியிருந்தார்கள். குழி நிரம்பினால் வாய்க்கால். திருப்பூரில் என்ன நிறத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று வாய்க்காலைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு நாள் கருஞ்சிவப்பு, ஒரு நாள் மயில் கழுத்து. அவன் வீட்டு நாய் முழங்கால்வரை நீலமாகத் திரிந்தது. ஊரே சிரித்தது, சென்னியப்பன் சிரிக்கவில்லை. அவர் அதை மறக்கவும் இல்லை. அவர் எதையும் மறந்தவர் இல்லை. கோயில் நோம்பியில் முதல் தேங்காய்மூடி யாருக்குப் போயிற்று என்பதிலிருந்து, தன் கல்யாணத்தில் அவன் சாப்பிடாமல் போனது வரைக்கும் வைத்திருக்கிறார். படித்தது மூணாங்கிளாஸ், அதனால் எழுதி வைக்கவில்லை, எழுதி வைத்தால்தான் அழியும். பிறகு கோர்ட்டில் உத்தரவாகிப் பட்டறைகளை எல்லாம் பூட்டினார்கள். அவனுடையதும் பூட்டிக் கிடக்கிறது. கிணற்றை மூடிவிடலாம் என்று பட்டறை ஓடின காலத்திலேயே சொன்னவன், இப்போது அங்கே குடோன் கட்ட வேண்டும் என்கிறான். கிணறு கெட்டுப்போச்சு, இனி எதற்கு என்கிறான். கெடுத்தவன் வாயாலேயே கெட்டுப்போச்சு என்கிறான். அங்கேதான் சென்னியப்பனுக்கு ஒரு முடிச்சு விழுந்தது, இத்தனை வருஷமாக அவிழாத முடிச்சு. கெட்டுப்போச்சு என்று இவரும் சொன்னால் அவன் குற்றவாளி ஆவான், ஆனால் கிணறு போய்விடும். கெடவில்லை என்று சொன்னால் கிணறு நிற்கும், ஆனால் அவன் யோக்கியன் ஆகிவிடுவான். அவருக்கு இரண்டும் வேண்டும். அவன் கெடுத்திருக்கவும் வேண்டும், கிணறு கெடாமலும் இருக்க வேண்டும். ராத்திரி பகல் இதை எத்தனையோ தரம் திருப்பிப் பார்த்துவிட்டார், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கட்டிலுக்குப் பத்தாத போர்வை மாதிரி.

அதனால்தான், பட்டறை ஓடிக்கொண்டிருந்தபோதே, அவர் மீன் விட்டார். அணையிலிருந்து ஒருவன் ஜிலேபி மீன் குஞ்சுகள் கொண்டுவந்திருந்தான், தூக்குப்போசியில் வாங்கிப் போய்த் தன் முறையன்றைக்குக் கிணற்றில் கவிழ்த்தார். செத்து மிதக்கும் என்று ஊரே எட்டிப் பார்த்தது. மிதக்கவில்லை. பெருத்தது. பலுகிக் குஞ்சும் போட்டது. அதற்கப்புறம் யார் கிணற்றைப் பற்றிப் பேசினாலும் அவருக்கு ஒரே பதில்தான்: "மீன் உசுரோடதான இருக்குது?" தாசில்தார் ஆபீசிலிருந்து வந்தவனிடம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். பெண்டாட்டி பாவாத்தாளிடம் சொன்னார், அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். ஆற்றுத் தண்ணீர்க் குழாய் ஊருக்குள் வந்தபோது வீட்டுக்கு வீடு இணைப்புக் கொடுத்தார்கள், குழாய் அவன் நிலத்து ஓரமாகத்தான் வர வேண்டும் என்றார்கள், சென்னியப்பன் வேண்டாம் என்றுவிட்டார். எனக்குக் கிணறு இருக்குது, மீன் உசுரோட இருக்குது. செம்பு செம்பாகக் குடித்தார், அவன் வேலியோரம் நிற்கிற நேரம் பார்த்துக் கிணற்றடியிலேயே நின்று அண்ணாந்து குடித்தார். உப்புக் கரித்தது. உப்புக் கரிக்காத தண்ணீர் எது? இப்போது இந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கையில்தான் அந்தப் பதில் இடறுகிறது. இங்கேயும் மீன் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் இங்கே உயிரோடிருப்பது ஒரு பதிலே இல்லை. சாகாத மீனிடம்தான் இவர்கள் கேள்வியே கேட்கிறார்கள்.

அந்தக் கோடியிலிருந்து அவன் தொண்டையைச் செருமினான். அவனும் இவரும் பேச்சை விட்ட பிறகு ஒருவருக்கொருவர் சேதி சொல்ல வேண்டி வந்தால் சுவருக்குச் சொல்வார்கள், எருமைக்குச் சொல்வார்கள், காக்காய்க்குச் சொல்வார்கள். இங்கே எருமை இல்லை.

"ஏ மீனு," என்றான் அவன், தன் பெயர் ஒட்டிய தொட்டியைப் பார்த்து. "உனக்கொரு சங்கதி தெரியுமா? பக்கத்துத் தொட்டில இருக்கறவன் சீமான் ஊட்டு மீனு. அவன்கூட நீ பேசக் கூடாது. நடுவுல கண்ணாடி இருக்கறது அதுக்குத்தான்."

சென்னியப்பன் தன் தொட்டியின் பக்கம் திரும்பினார். "மீனு, நாய்க்கெல்லாம் சாயம் போட்ட ஆள் அங்க இருக்கறாரு. சூதானமா இரு. நாளைக்கு நீயும் நீலமா நிப்ப."

"நாய்க்குப் போட்டது துவைச்சாப் போச்சு. சில பேரு மனசுக்குப் போட்டது போகமாட்டீங்குதே, அதுக்கு என்ன சோப்பு போடறதுன்னு அந்த அம்மிணிகிட்டக் கேட்டுச் சொல்லு மீனு."

"போட்டவனே தொவைக்கட்டுமுன்னு சொல்லு."

வராந்தாவில் போன பையன் ஒருத்தன், கிழவர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு மீன் தொட்டியோடு சண்டை பிடிப்பதைப் பார்த்துவிட்டு நின்று, பிறகு வேகமாகப் போனான். அவன், பங்காளி, வாய்க்குள் சிரித்த மாதிரி இருந்தது. சென்னியப்பனுக்கும் உதடு ஓரம் இழுத்தது, இழுத்துப் பிடித்துக்கொண்டார். சிரிப்பில்தான் ஆள் தோற்பான். சின்ன வயசில் இரண்டு பேரும் அதே கிணற்றில் மேலேயிருந்து குதிப்பார்கள். யார் முதலில் தரையைத் தொட்டு மண் எடுத்துவருவது என்று பந்தயம். அவன் மண் எடுத்து வருவான், கையை விரித்தால் கிணற்று மண் இல்லை, கரையிலிருந்தே மடியில் கட்டிக்கொண்டு குதித்த மண். அப்போதே அவன் அப்படித்தான். ஆனால் அன்றைக்குச் சிரித்தோமே. அன்றைக்கு ஏன் சிரித்தோம்?

மீன் வட்டமாகச் சுற்றியது. காற்றுக் குழாயிலிருந்து குமிழி மேலே போய் உடைந்துகொண்டே இருந்தது, பால் கொதி வருகிற மாதிரி. பால். ஜெபா சொன்ன வார்த்தை அதுதான், திரிபு. "தண்ணியில அந்த மாதிரி விஷம் இருந்தா துண்டு திரிஞ்சு போயிரும் ஐயா, அதைத் திரிபுன்னு சொல்லுவோம்." மற்ற எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை, இது மட்டும் ஏறிக்கொண்டது. திரிகிறது என்றால் அவருக்குத் தெரியும். வெள்ளையாகத்தான் இருக்கிறது, பாத்திரத்தில் ஊற்றினால் பால்தான், அடுப்பில் வைத்துக் கொதி வருகிற நேரத்தில் திரிதிரியாகப் பிரிந்துவிடும். அதுவரை முகத்தில் ஒன்றும் தெரியாது. அவர் வீட்டில் பால் அடிக்கடி திரியும். பாவாத்தாள் வாசலில் கொட்டிவிட்டு வந்து, கட்டங்காப்பி போட்டு வைப்பாள். பால்காரனைத் திட்டுவார். பால்காரன், "உங்க மாட்டுப் பாலையே காச்சிப் பாருங்" என்பான், தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினால் அதுவும் திரியும். ஆனால் மகள் வந்திருக்கிற நாளில் திரியாது. இது அவருக்கு எப்போதும் ஆச்சரியம். சுகந்தி புருஷன் வீட்டிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்தால் அந்த இரண்டு நாளும் காப்பி அப்படி ருசிக்கும். சோறு வெள்ளையாக இருக்கும், பருப்பு மலர்ந்து வேகும். "என்னடி இன்னைக்கு?" என்றால் பாவாத்தாள், "புள்ள கைராசி" என்பாள். கைராசிதான். அவள் பஸ் ஏறிப் போன மறுநாள் மறுபடி திரியும். ஒருவேளை வீட்டுக்கும் ஒரு மனசு இருக்கிறதோ, மகள் போனால் அது கெடுகிறதோ என்று அவர் நினைத்ததுண்டு. வெளியே சொன்னதில்லை. சொன்னால் கிழவனுக்குக் கிறுக்கு என்பார்கள்.

சுகந்திதான் இந்தச் சோதனைக்கே காரணம். ஏழு மாசம். வளைகாப்பு முடித்துப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும், அதுதான் முறை. வெள்ளையடித்து வைத்திருக்கிறார், புதுக் கட்டில் போட்டிருக்கிறார். மூன்று மாசத்துக்கு முன்னாலேயே போனில் சொன்னாள்: "அப்பா, நான் வரோணும்னா அந்தக் கெணத்துத் தண்ணியைச் சோதனை பண்ணிட்டுச் சொல்லுங்க. கொழந்தைக்கு ஆகலீன்னா நான் வர மாட்டேன்." அவருக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. கொழந்தைக்கு ஆகவில்லை என்றால் உனக்கென்ன, அவன் குடித்தால் என்ன, செத்தால் என்ன? பிறகுதான் புரிந்தது. பங்காளியின் பெயர் குழந்தைவேலு. ஊரில் எல்லோருக்கும் கொழந்தை. பேச்சு நின்ற நாளிலிருந்து சென்னியப்பன் அந்தப் பெயரை வாயில் எடுத்ததில்லை, பெயரை எடுக்காததால் அந்த வார்த்தையையும் எடுத்ததில்லை. அறுபது வருஷ வாழ்க்கையில் ஒரு மனுஷனுக்கு அந்த வார்த்தை எத்தனை தரம் வேண்டியிருக்கும் என்று விட்டுப் பார்த்தால்தான் தெரியும். புள்ளை என்பார், சிசு என்பார், பொடுசு என்பார். கல்யாண வீட்டில் பெண்ணுக்குச் சீக்கிரம் ஒரு பொடுசு பொறக்கட்டும் என்று ஆசீர்வாதம் பண்ணிச் சிரிப்பு வாங்கினார். சுகந்திக்கு முதலில் வயிற்றில் நின்றது தங்கவில்லை, மூன்றாம் மாசமே போயிற்று. இரண்டாவதும் தங்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் யாரோ, "கொழந்தை போயிருச்சுங்களா?" என்று கேட்டார்கள், அவர் காதுக்கு அது முதலில் அவன் பெயராகத்தான் விழுந்தது, ஒரு நொடி, அரை நொடி, நெஞ்சுக்குள் என்னவோ குதித்தது, அப்புறம் தெரிந்தது என்ன கேட்கிறார்கள் என்று. அந்த அரை நொடியை அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது மீன் வந்து கண்ணாடிக்கு நேரே நிற்கிறது, இதற்கு என்ன பெரிய கண், எல்லாவற்றையும் பார்த்துவிடும் போல.

அந்தத் தண்ணீரைத்தானே அவள் குடித்து வளர்ந்தாள். வாய்க்கால் நிறம் மாறத் தொடங்கியபோது மூணாங்கிளாஸ் படித்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போவாள். மீன் உசுரோடதான இருக்குது சாமி, குடி. அவர்தான் சொன்னார். உடம்பு பூரா இருக்கும், அது போடுகிற குஞ்சுக்கும் போகும் என்று ஜெபா மீனைத்தான் சொன்னாள். மீனைத்தான். அவர் கண்ணை மீனிலிருந்து எடுத்துச் சுவருக்குக் கொண்டுபோனார், சுவரில் ஒன்றும் இல்லை, மறுபடி மீனுக்கே வந்தது. இவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு சேதி எப்படி ஏறி உட்காரும்? எடுத்துப் படிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாளே, அவள் பார்க்கிற கண்ணாடியில் மனுஷனை வைத்தால் என்ன தெரியும்? தன்னை வைத்தால்? ஒரே நீலமாகத் தெரியுமோ? அவருக்குத் தன்னை அங்கே வைத்துப் பார்க்க ஒரு ஆசைகூட வந்தது. மகளை வைத்துப் பார்க்க வரவில்லை.

கதவு திறந்தது. ஜெபா வெள்ளைக் கோட்டோடு வந்தாள், கையில் காகிதம் இல்லை, கை உறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் எழுந்தார்கள். ஒரே நேரத்தில் எழுந்துவிட்டோமே என்று இரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு தொட்டியும் ஒண்ணு போலத்தான் இருக்கு ஐயா," என்றாள். "ஒரே கெணறு, வேற எப்படி இருக்கும்? நல்ல தண்ணியிலயும் கொஞ்சம் புள்ளி வரும், அது இயற்கை. உங்க தண்ணியில அதைவிட ரொம்ப அதிகம். ரெண்டுலயுமே. தண்ணி திரிக்குது. குடிக்காதீங்க, சமைக்காதீங்க. நாங்க இதை எழுதிக் கொடுத்து, இன்னும் என்னென்ன மருந்து கலந்திருக்குன்னு பார்க்கச் சொல்லுவோம்."

"மீன் உசுரோடதானுங்கம்மிணி இருக்குது?" என்றார் சென்னியப்பன். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தார். நாக்குக்குப் பழகிப்போன தடம், அதுவாக ஓடிவிட்டது.

"இருக்குது ஐயா. இது சாகடிக்கிற அளவுக்கு இல்ல. ஆனா உள்ள திரிச்சிக்கிட்டே இருக்கும். அதைப் பாக்கத்தான் இந்த மீனு."

"அப்ப இதுங்க சொன்னதுதானா?"

அவள் கை உறையைச் சுருட்டினாள். "இதுங்க இல்ல. உள்ள இருக்கிற துண்டை எடுக்கணும்னா மீனக் கொன்னாத்தான் முடியும். சொன்னதெல்லாம் போன மாசமே போயிருச்சு. இதுங்க மீதி."

சென்னியப்பன் தொட்டியைப் பார்த்தார். காலையிலிருந்து இவற்றிடம் நயந்து நின்றதெல்லாம் வீண். சாட்சி சொல்லிவிட்டுப் போனது எதுவோ, அதன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. "யாரு கெடுத்தாங்கன்னு அது சொல்லுச்சுங்களா?" என்று கேட்டார்.

"அது மீனுக்குத் தெரியாது ஐயா."

"எப்ப கெட்டுச்சுன்னு?"

"தெரியாது."

"குடிச்ச மனுசனுக்கு என்ன ஆயிருக்கும்னு?"

"அதுவும் மீன வெச்சுச் சொல்ல முடியாது ஐயா. மீனு தண்ணியப் பத்தித்தான் சொல்லும், ஆளப் பத்திச் சொல்லாது. உங்களுக்குக் கவலையா இருந்தா டாக்டரப் பாருங்க. இருங்க, நான் சார்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்." அவள் போய்விட்டாள், செருப்புச் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டுத் தேய்ந்தது.

ஆயிற்று. தண்ணீர் கெட்டுத்தான் போயிருக்கிறது, இத்தனை வருஷம் அவர் சொல்லத் துடித்தது, இத்தனை வருஷம் அவர் மறுத்தது. இதோ கையில் கொடுத்துவிட்டார்கள். திரும்பி ஒரு வார்த்தை சொல்லலாம், பாத்தயா என்று சொல்லலாம், மீனுக்குச் சொல்கிற மாதிரியாவது சொல்லலாம். ஆனால் கோபத்தை எடுக்கப் போன கை அது இருந்த இடத்தில் வேறெதையோ தொட்டது, ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை, சிவப்பு மூடி போட்டது, மூணாங்கிளாஸ் பிள்ளையின் தோளில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு ஆடுகிறது, உள்ளே தண்ணீர் குலுங்குகிறது, அவர்தான் ஊற்றிக் கொடுத்தார், அவர் முறையன்றைக்கு. அவனுக்குத் தெரியட்டும் என்றே வேலியோரம் நிற்க வைத்து ஊற்றிக் கொடுத்தார். கெடுத்தது அவன் என்றால் ஊற்றியது யார்? நல்ல தண்ணீரிலும் கொஞ்சம் புள்ளி வருமாம். கொஞ்சம் என்றால் எவ்வளவு, ஒன்று, இரண்டு, முதலில் நின்றது ஒன்று, இரண்டாவது இரண்டு, சீ, என்ன கணக்கு இது. அவர் தன் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தை அந்தக் கோடியில் இருக்கிறவன் பார்க்கக் கூடாது.

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் தொட்டியை விட்டுவிட்டு, பெயரில்லாத மூன்றாவது தொட்டியைப் பார்த்துப் பேசினான். மெதுவாகப் பேசினான்.

"மீனு, ஒரு கெழவன் மூஞ்சி செத்துப்போன மாதிரி ஆயிருச்சு, பாரு. அவன்கிட்ட ஒண்ணு சொல்லீரு. அவன் ஊட்டுக்காரி இருக்கறாளே பாவாத்தா, அவ எங்கூட்டுக் கொழாயில தண்ணி புடிக்கறா. இன்னைக்கு நேத்து இல்ல. ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வந்த மொத நாள் சாயங்காலமே பின்கட்டு வழியா கொடத்தோட வந்தா. புள்ளைக்கு மட்டும்னு சொன்னா. அதுவரைக்கும் ரோட்டு மேட்டு அடிபைப்புல எங்கூட்டுக்காரியும் அவளுமா சேந்துதான் கொண்டாந்தாங்களாம், எனக்கே பின்னாலதான் தெரியும். அந்தப் புள்ள பாட்டில்ல என்ன ஊத்திக் குடுத்தாலும் பள்ளிக்கொடத்து வாசல்ல கொட்டிட்டு வேற ஊத்திக்கும், அவ ஆத்தா சொல்லிக் குடுத்தது. இன்னைக்கும் அது பொறந்த ஊட்டுக்கு வர்ற அன்னைக்கெல்லாம் ரெண்டு கொடம் எச்சா புடிக்கறா. சமைக்க, குடிக்க, எல்லாம் அதான். சொல்லீரு மீனு. பயந்து செத்துத் தொலையப் போறான்."

மூன்றாவது தொட்டி மீன் ஒன்று வாயைத் திறந்து மூடியது. சென்னியப்பனுக்கு முதலில் வந்தது காப்பி வாசம். சுகந்தி வந்த நாளின் காப்பி, திரியாத பால், மலர்ந்து வெந்த பருப்பு, வெள்ளைச் சோறு. புள்ள கைராசி. பாவாத்தாள் முகத்தை அவர் அப்போது நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்குமோ என்னமோ, பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தார். பிறகு, ஆழத்திலிருந்து மூச்சு முட்டி மேலே வந்தவன் மாதிரி அவர் ஒரு மூச்சு விட்டார், புள்ளை குடிக்கவில்லை, அவள் குடிக்கவே இல்லை, ரொம்பவும் குடிக்கவில்லை, அந்த இரண்டும் போனது வேறு எதனாலோ, எதனால் என்று யாருக்குத் தெரியும், ஆனால் இதனால் இல்லை. அவர் மூச்சு இன்னும் கீழே இறங்கி முடியவில்லை, அதற்குள் வேறொன்று மேலே வந்துவிட்டது. அப்படியென்றால் அந்த வீட்டில் அந்தத் தண்ணீரைக் குடித்தது யார்? மாடு. அப்புறம்? வேலியோரம் அண்ணாந்து நின்று செம்பு செம்பாகக் குடித்தது யார்? மகள் போன மறுநாள் திரிந்த பால் யாருக்கு? மகளுக்குத் தெரிந்திருக்கிறது, பெண்டாட்டிக்குத் தெரிந்திருக்கிறது, இவனுக்குத் தெரிந்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

அவர் திரும்பினார். கழுத்து நரம்பு சுளீர் என்றது, அந்தப் பக்கம் திருப்பியே பழக்கமில்லாத கழுத்து. அவன் முகம் இவ்வளவு பக்கத்தில் எப்படிக் கிழடு தட்டிப்போயிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு ஏன்டா சொல்லல?" என்றார்.

குழந்தைவேலு மீனைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்தான். "நீ எங்கடா பேசுன?"

அவன் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தான், சாகிற வயசில் நீயும் வந்து ஒரு கொடம் புடிச்சுட்டுப் போ என்றோ, கெணத்தை மூடலாமா என்றோ, அதற்குள் சென்னியப்பன் மடியில் போன் அடித்தது. அவர் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "எடு," என்றான் அவன். "புள்ளையாத்தான் இருக்கும்."

"அப்பா, என்னாச்சுங்ப்பா? மீனு என்ன சொல்லுச்சு?"

மீன் சொன்னது எல்லாம் அவர் தொண்டைவரை வந்தது. எல்லாம் தெரிந்தே அவள் சோதனை கேட்டது தன்னைக் கிணற்றை விட வைக்கத்தானோ? வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். "தண்ணி ஆகாதாம் சாமி," என்றார். "கெணத்தை இனித் தொட மாட்டோம். நீ கெளம்பி வா. ஆத்துத் தண்ணி இருக்குது, எப்பவும் குடிச்ச தண்ணிதான்." அந்தப் பக்கம் அவள், "நெசமாவாங்ப்பா?" என்றாள். நம்பவில்லை போலிருக்கிறது, அல்லது நம்பிவிட்டாள். சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. வராத வார்த்தை, துருப்பிடித்த கதவு மாதிரி, இரண்டு தரம் இடித்தால்தான் திறக்கும்.

"கொழந்தைக்கு," என்றார், நிறுத்தினார், பிறகு சத்தமாகவே சொன்னார், "கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது சாமி."

பெஞ்சின் அந்தக் கோடியில் குழந்தைவேலு தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்து, "என்ன?" என்று திரும்பினான்.